முந்திய வெற்றியும் பிந்திய வாக்கும்: மலாக்காத் தேர்தல் வரலாறு கூறும் பாடம்

தேர்தலில் வென்றவர் யார் என்பது வாக்குப் பெட்டியைத் திறந்த பின்னரே தெரியவரும். ஆயினும், "இவர்தாம் வெல்வார்" என்னும் எண்ணம் அதற்கு வெகு முன்னரே மக்கள் மனத்தில் குடிகொண்டு விடுவதுண்டு. நேற்றுவரை எவரும் பொருட்படுத்தாத ஒரு வேட்பாளர், எங்கோ ஒரு சிற்றூரில் பெற்ற சிறு வெற்றியால் இன்று பெரிய மனிதராகி விடுகிறார். கொள்கையும் பேச்சும் பழையனவாகவே இருக்க, மக்கள் அவரை நோக்கும் நோக்கு மட்டும் மாறிவிடுகிறது. அரசியல் நூலார் இதனை வெற்றியின் வேகம் என்பர். பொதுமக்கள் காற்று இன்ன பக்கம் வீசுகிறது என்பர்.

இவ்வேகம் எவ்வாறு பிறக்கிறது, யாருக்கு உதவுகிறது, எப்பொழுது கைவிட்டு விடுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் மலாக்கா மாநிலத்துத் தமிழரின் தேர்தல் வரலாற்றிலேயே விடை உண்டு. அவ்வரலாற்றுக்குள் புகுமுன், இவ்வாராய்ச்சி பெரிதும் வளர்ந்துள்ள அமெரிக்க நாட்டின் முறையைச் சிறிது அறிதல் நலம்.

அமெரிக்கப் பூர்வாங்கத் தேர்தல்

அமெரிக்காவில் அதிபர் பதவிக்கான கட்சி வேட்பாளரைத் தலைமைச் செயற்குழு மட்டும் கூடி நியமித்து விடுவதில்லை. மாநிலந்தோறும் முறைவைத்து நடைபெறும் பூர்வாங்கத் தேர்தல்களிலும் கட்சிக் கூட்டங்களிலும் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. ஆகவே முதலில் வாக்களிக்கும் மாநிலத்தின் முடிவு, பின்னால் வாக்களிக்கும் மாநிலத்தாரின் செவியில் விழுந்து விடுகிறது. வேகம் பிறக்கும் இடம் இந்த இடைவெளியே.

1968 மார்ச்சு 12ஆம் நாள் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் அதிபர் லிண்டன் ஜான்சனை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி ஏறத்தாழ 42 விழுக்காடு வாக்குப் பெற்றார். ஜான்சன் பெற்றதோ ஏறத்தாழ 49 விழுக்காடு. எண்ணிக்கைப்படி தோற்றவர் மெக்கார்த்தியே. ஆயினும், பதவியிலிருக்கும் அதிபரை இவ்வளவு நெருங்குவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் தோற்றவர் வென்றவராகவும், வென்றவர் தளர்ந்தவராகவும் காட்சியளித்தனர். மார்ச்சு 31ஆம் நாள், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். வேகத்தை அளக்கும் கோல் பெற்ற வாக்கு மட்டுமன்று. எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் இடையேயுள்ள தொலைவும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

2008ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. கறுப்பின மக்களிற் பலர் பராக் ஒபாமாவை விரும்பினாலும், வெள்ளையர் அவருக்கு வாக்களிப்பார்களா என்னும் ஐயத்தால் தயங்கி நின்றனர். சனவரி 3ஆம் நாள், வெள்ளையரே பெரும்பான்மையராக உள்ள அயோவா மாநிலத்தில் அவர் வென்றார். அதே மாதம் 26ஆம் நாள் தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் பெருந்திரளாக அவர் பக்கம் நின்றனர். அங்கே அவர் 55 விழுக்காடு வாக்குப் பெற்றார். முதல் வெற்றி அவர்களுக்குப் புதிய விருப்பத்தைக் கொடுக்கவில்லை. முன்பே இருந்த விருப்பத்தின்மேல் கிடந்த ஐயத்தை நீக்கியது.

ஆனால் வேகம் பெற்றவரெல்லாம் கரை சேர்ந்ததில்லை. 1984இல் நியூ ஹாம்ஷயரில் வென்ற கேரி ஹார்ட் சில வாரங்கள் நாடெங்கும் பேசப்பட்டார். முடிவில் கட்சியின் வேட்பாளரானவர், நெடுங்காலமாகத் தொழிற்சங்கங்களின் துணையைத் தேடி வைத்திருந்த வால்டர் மாண்டேல்தான்.

1952: எளியோர் கூட்டு

மலாயாவில் அமெரிக்காவைப் போன்ற பூர்வாங்கத் தேர்தல் நடைபெற்றதில்லை. எனினும், 1955ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலுக்கு முன் நடந்த நகராட்சித் தேர்தல்கள் அவ்வேலையையே செய்தன. அவை ஊர் ஊராக, ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற்றன. குப்பை வண்டி, தெருவிளக்கு முதலியவற்றைக் கவனிக்கும் மன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவதே அவற்றின் நோக்கம். ஆனால் நாட்டை ஆளத்தக்க கட்சி எது என்பதை மக்கள் முன்னால் வைத்து நிறுத்துப் பார்த்த தராசும் அவையே.

அம்னோவைத் தோற்றுவித்த டத்தோ ஆன் ஜாபார், அதன் கதவை மற்ற இனத்தவருக்கும் திறந்துவிட வேண்டும் என்று கூறினார். கட்சி இணங்கவில்லை. 1951 ஆகஸ்டில் அவர் விலகினார். துங்கு அப்துல் ரகுமான் தலைமை ஏற்றார். செப்டம்பர் 16ஆம் நாள் ஆன் எல்லா இனத்தவருக்கும் உரிய மலாயாச் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மலாக்காவின் புகழ் பெற்ற குடும்பத்தவரும் மலாயாச் சீனர் சங்கத்தின் தலைவருமான டான் செங் லோக் அக்கட்சியின் தொடக்கத்திற்குத் துணை நின்றார். கே. எல். தேவாசர் தலைமையிலிருந்த மலாயா இந்தியர் காங்கிரசும் ஆன் பக்கமே சாய்ந்தது. பெயர், அனுபவம், ஆங்கில ஆட்சியாளரின் நன்மதிப்பு ஆகிய யாவும் ஆன் பக்கம் இருந்தன. தலைவரை இழந்து நின்ற அம்னோவும், அரசியலுக்குப் புதியவரான துங்குவும் எளியோராகவே எண்ணப்பட்டனர்.

1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்நகரத்து அம்னோவும் சிலாங்கூர் சீனர் சங்கமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நாடு முழுவதற்குமென்று தலைவர்கள் கூடித் தீட்டிய திட்டமன்று அது. ஓர் ஊரில், ஒரு தேர்தலுக்காக, உள்ளூரார் செய்த ஏற்பாடு. முடிவு அனைவரையும் வியக்க வைத்தது. 12 இடங்களில் 9 அக்கூட்டுக்கு; 2 ஆன் கட்சிக்கு; 1 சுயேச்சைக்கு.

இரண்டு சங்கங்களையும் விட்டுக்கொடுக்கச் செய்து ஒரே பட்டியலில் நிறுத்த முடியும் என்பது அதுவரை வெறும் பேச்சு. கோலாலம்பூர் முடிவு அதைக் கண்கூடாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மலாக்கா, ஜொகூர் பாரு முதலிய நகரங்களில் தேர்தல் வந்தபோது வாக்காளரின் கேள்வி மாறிவிட்டது. "இந்தக் கூட்டு நிலைக்குமா?" என்று கேட்டவர்கள், "இதனை எதிர்த்து வெல்ல முடியுமா?" என்று கேட்கலாயினர். டான் செங் லோக் கூட்டின் பக்கம் வந்துவிட்டார். ஆன் தம் கட்சியைக் கைவிட்டு, 1954இல் நெகாரா கட்சியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

வேகம் செய்யும் வேலை மூன்று என்று இதிலிருந்து வகுக்கலாம். முதலாவது, அறியாத பெயரை அறிந்த பெயராக்குகிறது. இரண்டாவது, வாக்கு வீணாகுமோ என்னும் அச்சத்தைப் போக்குகிறது. மூன்றாவது, மதில்மேல் பூனையாக இருந்த தலைவர்களையும் பொருள் உடையவர்களையும் தன் பக்கம் இழுக்கிறது. இம்மூன்றும் சேர்ந்துவிட்டால் எளியவர் எளியவராக இருப்பதில்லை.

தோட்டங்களில் வாக்கு இருந்ததா?

இந்நகரத் தேர்தல்கள் நடைபெற்ற காலத்தில் மலாக்காத் தமிழரிற் பெரும்பாலோர் நகரங்களில் இல்லை. பால்மரக் காடுகளில் இருந்தனர். மலாயாவில் வணிகத்திற்காக ரப்பர் பயிரிடுதல் மலாக்காவிலேயே, 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இட்ட கன்றுகளோடு தொடங்கியது. பின்னர் புக்கிட் அசகான் போன்ற பெருந்தோட்டங்கள் எழுந்தன. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன.

இங்கே மலாக்காவுக்கே உரிய ஒரு சிறப்பைக் குறிப்பிட வேண்டும். மலாக்காவும் பினாங்கும் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த குடியேற்றங்கள். 1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கைப்படி, இவ்விரு குடியேற்றங்களில் பிறந்து நாட்டில் நிரந்தரமாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை கூட்டரசுக் குடிமகனாவார். எல்லைக்கு அப்பால், நெகிரி செம்பிலானிலோ ஜொகூரிலோ உள்ள தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு அந்த எளிய வழி இல்லை. ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி இருவர் எல்லைக்கு இரு புறத்திலும் வேலைக்கு அமர்ந்திருந்தால், ஒருவர் மகன் குடிமகன். மற்றவர் மகன் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியவன்.

ஆனால் குடியுரிமை வேறு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு. தோட்டத் தொழிலாளரின் ஒற்றுமை அக்காலத்தில் தொழிற்சங்கத்திலேயே வெளிப்பட்டது. 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மலாக்கா மாநிலத்துச் சங்கங்களும் அதில் கலந்தன. கூலி உயர்வுக்குத் திரளத் தெரிந்த சமூகம், வாக்காளர் பதிவுக்கு அவ்வாறு திரளவில்லை. அதன் விளைவு 1955இல் தெரிந்தது.

அவ்வாண்டுத் தேர்தலில் பதிவு பெற்றிருந்த வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மலாய்க்காரர் சுமார் 84 விழுக்காடு. சீனர் சுமார் 11. இந்தியர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 1957ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி இந்தியர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். பத்தில் ஒருவருக்கு மேல் இருந்த சமூகம், வாக்குச் சாவடியில் இருபத்தைந்தில் ஒருவராகக்கூட இல்லை.

முந்தியவரும் பிந்தியவரும்

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1954இல்தான் கூட்டணியில் சேர்ந்தது. இனப் பாகுபாடற்ற கட்சி என்னும் கொள்கைக்காக அது முதலில் ஆன் பக்கம் நின்றது இழிவன்று, அக்கொள்கை உயர்ந்ததே. ஆனால் அரசியலில் சேரும் காலத்திற்கும் ஒரு விலை உண்டு.

1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் மக்கள் தெரிவு செய்ய வேண்டிய இடங்கள் 52. கூட்டணி வேட்பாளர்களில் அம்னோவினர் 35 பேர், சீனர் சங்கத்தார் 15 பேர், இந்தியர் காங்கிரசார் 2 பேர். வாக்காளரில் 11 விழுக்காடாக இருந்த சீனருக்கு நூற்றுக்கு 29 வீதம் இடம் கிடைத்தது. 4 விழுக்காடாக இருந்த இந்தியருக்கு நூற்றுக்கு 4 வீதமே கிடைத்தது. சீனர் சங்கத்திற்கு அளித்த அதே தாராளத்தை இந்தியருக்கும் அளித்திருந்தால் 5 இடங்கள் வந்திருக்கும்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் ஒன்றன்று. சீனர் சங்கத்திடம் பொருள் வலிமை இருந்தது. நகரங்களில் அமைப்பு வலிமையும் இருந்தது. எனினும் கோலாலம்பூரில் கூட்டு பிறந்தபோதே உடனிருந்தவர் அவர்கள் என்பதை மறக்கலாகாது. வெல்லுமா தோற்குமா என்று தெரியாதபோது கைகொடுத்தவர் பங்காளியாகிறார். வென்றுவிட்டது என்று தெரிந்த பிறகு வருபவர் விருந்தாளியாகவே இருக்க நேர்கிறது. விருந்தாளிக்கு இலை போடுவர்; எத்தனை இலை போடுவது என்று அவரிடம் கேட்பதில்லை.

தேர்தல் முடிவில் 52இல் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. நெகாரா கட்சிக்கு ஓரிடமும் இல்லை. ஆன் தம் சொந்த ஊராகிய ஜொகூர் பாருவிலேயே தோற்றார். மத்திய மலாக்காத் தொகுதியில் டான் செங் லோக்கின் மகன் டான் சியூ சின் வென்றார். 1956 பிப்ரவரி 20ஆம் நாள் இலண்டனிலிருந்து திரும்பிய துங்கு, சுதந்திர நாளை மலாக்காத் திடலில் நின்றே அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியில் தொடங்கிய வேகம் அங்கே நாட்டின் வரலாறாயிற்று.

அவ்வேகமும் என்றும் ஒரே அளவில் நிற்கவில்லை. 1957இல் குடியுரிமைச் சட்டம் விரிந்தது. புதிய வாக்காளர் வந்தனர். 1959இல் பதிவு பெற்றவர் 21 லட்சத்தைத் தாண்டினர். 1955இல் நூற்றுக்கு 80 வீதம் வாக்குப் பெற்ற கூட்டணி, 1959இல் ஏறத்தாழ 52 வீதமே பெற்றது. இடங்கள் 104இல் 74. தோற்றுப்போன ஆன், திரெங்கானுவில் நின்று நாடாளுமன்றம் புகுந்தார். வாக்காளர் கூட்டம் மாறியபோது காற்றும் மாறியது.

2021: மலாக்கா எழுப்பிய அலை

அறுபது ஆண்டுகளுக்குப் பின், மலாக்காவே முதல் வாக்களிக்கும் மாநிலமாக அமைந்தது. 2018இல் மலாக்கா மாநில ஆட்சியை இழந்த தேசிய முன்னணி, கட்சி மாறிகளின் துணையால் 2020இல் அதனை மீண்டும் பெற்றது. 2021 அக்டோபரில் 4 சட்டமன்ற உறுப்பினர்கள் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்றம் கலைந்தது. நவம்பர் 20ஆம் நாள் தேர்தல் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாட்டின் ஆட்சியையே இழந்திருந்த அம்முன்னணி, 28 இடங்களில் 21ஐ வென்றது.

தமிழர் கணிசமாக வாழும் காடேக் தொகுதியில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. 2018க்கு முன் ம.இ.கா. வசம் இருந்த அத்தொகுதியை, அவ்வாண்டு ஜனநாயகச் செயல் கட்சியின் சாமிநாதன் கைப்பற்றினார். 2021இல் ம.இ.கா.வின் சண்முகம் அதனை மீட்டார்.

2022 மார்ச்சு 12ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தில் தேர்தல் வந்தது. 56இல் 40 இடங்களை முன்னணி வென்றது. மலாக்காவில் பிறந்த காற்று ஜொகூரில் புயலாகிவிட்டது என்று அதன் தலைவர்கள் நம்பினர். பொதுத் தேர்தலை விரைந்து நடத்த வேண்டும் என வற்புறுத்தினர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதன்றோ பழமொழி? அக்டோபர் 10ஆம் நாள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 19ஆம் நாள் வாக்களிப்பு நிகழ்ந்தது. முன்னணிக்கு நாடெங்கும் கிடைத்தவை 222இல் 30 இடங்களே. மலாக்காவிலோ 6 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. 3 நம்பிக்கைக் கூட்டணிக்கும், 3 பெரிக்காத்தான் நேசனலுக்கும் சென்றன. ஓராண்டுக்கு முன் 28இல் 21ஐத் தந்த அதே மண் இது.

இவ்வளவு பெரிய மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? முதல் வெற்றியைச் சரியாக எடை போடாமையே முதற் காரணம். 2021இல் முன்னணி பெற்ற வாக்கு நூற்றுக்கு 38 வீதமே. எதிரணிகள் பிரிந்து நின்றதால் அது நாலில் மூன்று பங்கு இடங்களாக விரிந்தது. வாக்களிக்க வந்தவரும் குறைவு. 2018இல் மலாக்காவில் 80 விழுக்காட்டுக்கு மேல் வந்தவர்கள், பெருந்தொற்றுக் காலத்திலே மூன்றில் இரண்டு பங்கினராகக் குறைந்தனர். ஜொகூரில் ஏறத்தாழ 55 விழுக்காடே. வீட்டில் தங்கிவிட்டவரின் மௌனத்தைச் சம்மதம் என்று முன்னணி எண்ணிக்கொண்டது.

வாக்காளர் கூட்டம் மாறியது மற்றொரு காரணம். 18 வயதினருக்கு வாக்குரிமையும், தானாகவே பெயர் பதியும் முறையும் 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. மலாக்காத் தேர்தல் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. ஜொகூரில் புதிய வாக்காளர் பட்டியலில் இருந்தும், வாக்களிக்க வந்தவர் சிலரே. 2018இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாக இருந்த நாட்டின் வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடியே 11 லட்சமாயிற்று. அவ்விளைஞரின் மனம் எந்த மாநில முடிவிலும் முழுதாகப் பதிவாகியிருக்கவில்லை.

1952இன் வேகம் நிலைத்ததும், 2021இன் வேகம் கலைந்ததும் ஏன் என்பதற்கும் விடை இங்கேயே உண்டு. கோலாலம்பூரில் வென்றவர்கள் அவ்வெற்றியைக் கொண்டு மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகக் கிளை அமைத்தனர். விட்டுக்கொடுத்துப் பட்டியல் தயாரித்தனர். மூன்றாவது சமூகத்தையும் சேர்த்துக்கொண்டனர். அவர்களுக்கு முதல் வெற்றி வேலையின் தொடக்கமாக இருந்தது. மலாக்காவிலும் ஜொகூரிலும் வென்றவர்களோ அதனை வேலையின் முடிவாகக் கொண்டனர்.

சிறு சமூகம் செய்யத்தக்கது

மலேசியாவில் இந்தியர் தனித்து வெல்லத்தக்க நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. பெரும்பான்மையோர் இரு கூறாகப் பிரியும் இடத்திலேயே அவர்களுடைய வாக்குக்கு மதிப்பு. இத்தகைய சமூகத்திற்குக் காற்றைப் பார்த்து நடக்கும் ஆசை இயல்பாகவே மிகும். தோற்கும் பக்கம் நின்றால் கேட்பாரற்றுப் போவோமோ என்னும் அச்சமும் நியாயமானதே. ஆனால் காற்று நன்கு தெரிந்த பின் சேர்வோருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்பதை 1955ஆம் ஆண்டின் வேட்பாளர் பட்டியல் கணக்கிட்டுக் காட்டிவிட்டது. தெரிந்ததுபோல் தோன்றும் காற்றும் பொய்க்கும் என்பதை 2022 காட்டிவிட்டது.

ஆகவே, எளியவரொருவர் முன்னேறி வரும்போது கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. அவர் பெற்ற வாக்கு எவ்வளவு, இடம் எவ்வளவு? வாக்களிக்க வராதவர் எத்தனை பேர்? அடுத்து வாக்களிக்கப் போகிறவர்கள் முன்னர் வாக்களித்தவர்களைப் போன்றவர்களா? வெற்றிக்குப் பின் அவர் ஊர்களில் செய்யும் வேலை என்ன? தோட்டப்புறங்களில் செய்தித்தாளைப் படித்து மற்றவருக்கு எடுத்துரைத்த பழைய பொறுப்பு தமிழாசிரியர்களுடையது. இக்கேள்விகளை மாணவருக்கும் பெற்றோருக்கும் கற்பித்தால், அது எந்தக் கட்சிக்கும் செய்த பிரசாரம் ஆகாது. கணக்குப் பாடமே ஆகும்.

1955இல் இந்தியருக்குக் கிடைத்த இரண்டு இடங்களுக்காகக் கூட்டணியை நொந்துகொள்வோர் உண்டு. இருபத்தைந்தில் ஒருவருக்கும் குறைவாகப் பட்டியலில் இருந்த சமூகத்துக்கு அவ்விரண்டும் அளவாகவே வந்தன. குறை பட்டியலில் இருந்தது. இன்று பெயர் பதியும் வேலையை அரசே செய்துவிடுகிறது. வாக்குச் சாவடி வரை நடந்து செல்வது ஒன்றே எஞ்சியுள்ளது.